தெரு முதலா, மனை முதலா?

போன மாதம் ஒரு ராத்திரி. மணி பத்தரை இருக்கும். எதிர்வீட்டு நண்பருக்கு நெஞ்சுவலி. வயது 76. அவர் மகன் 108-க்குப் போன் செய்தான். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் முனை வீட்டின் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் மின்கம்பம், அதையொட்டி யாரோ நிறுத்திவிட்டுப் போன கார். ஓட்டுநர் முன்னும் பின்னுமாக மூன்று முறை எடுத்துப் பார்த்தார். கடைசியில் ஸ்ட்ரெச்சரை இறக்கி, இருநூற்றைம்பது அடி தூரம் நடந்து வந்து, நண்பரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

நண்பர் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்து, இப்போது பழையபடி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறார். அன்று வண்டியில் ஏற்றும்போது அந்த ஓட்டுநர்ப் பையன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது மட்டும் என் காதில் தங்கிவிட்டது.

"இந்தத் தெருவை இப்படிப் போட்டது யாரு சார்?"

அவன் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. எனக்கென்னவோ பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. காரணம், நான் வேலை பார்த்ததே வரைபடப் பிரிவில்தான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் டிரேசிங் பேப்பரும் செட்ஸ்கொயரும் இந்தியன் இங்க்கும் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் ரோட்டுக்கோடு போட்டுக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் குடியிருக்கும் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வரவில்லை. இதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஏரி இருந்த இடம்

1921-ல் சென்னைப் பட்டணத்தின் ஜனத்தொகை ஐந்தேகால் லட்சம் அளவில்தான். ஆனாலும் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் எல்லாம் நிரம்பி வழிந்தன. அதற்கு முந்தைய வருடம், 1920-ல், சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. ஊர் வளர்வதற்கு முன்பே தெருவைத் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக எழுதப்பட்டது இங்கே அப்போதுதான்.

அப்போது ஊரின் மேற்கு எல்லை ஒரு நீண்ட ஏரி. வடக்கே நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில் மாதிரி வளைந்து கிடந்தது. ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு', 'லேக் ஏரியா', மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ஏரி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம்கூட அந்த ஏரிப் படுகையில் எழுந்ததுதான்.

இருபதுகளில் அந்த ஏரியின் மாம்பலம் பகுதியை வற்றவைத்துப் புது நகர் ஒன்றை அமைத்தார்கள். 1925-ல் காலமான சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு வந்தது. அதுதான் நம்முடைய தியாகராய நகர். நீதிக் கட்சி ஆட்சியிலிருந்த காலம் என்பதால் தெருப் பெயர்களைப் படித்தாலே அந்தக் கட்சியின் கூட்டத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். முதலமைச்சராக இருந்த பனகல் ராஜா பெயரில் பூங்கா. உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, நடேசன் பூங்கா. பாண்டி பஜார்கூட சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர்தான் என்பார்கள். அதிகாரி ஒருவர் பெயரில் இருந்த போக் ரோடு பிற்காலத்தில் செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆனது.

நான் சொல்ல வந்தது பெயர்களைப் பற்றி அல்ல. அந்த வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுவில் பனகல் பூங்கா. அங்கிருந்து கதிர்கள் மாதிரி சாலைகள் கிளம்புகின்றன. தியாகராயா ரோடு தேனாம்பேட்டைக்கு, வெங்கடநாராயணா ரோடு நந்தனத்துக்கு, ஜி.என். செட்டி ரோடு ஜெமினி பக்கம், உஸ்மான் ரோடு வடக்கும் தெற்குமாக. பெரிய சாலைகளுக்கு இடையில் சின்னத் தெருக்கள். மிச்சம் இருந்த இடத்தில்தான் மனை. அதாவது முதலில் தெரு, பிறகு பூங்கா, கடைசியில்தான் வீடு.

1965-ல் நான் படிக்க வந்தபோது தி.நகரில் பெரியப்பா வீட்டில்தான் தங்கினேன். வீடு என்றால் சொந்த வீடு இல்லை, பின்கட்டில் ஒரு போர்ஷன். பெரியப்பா 1938-லேயே அங்கே வந்தவர். "நாங்க வந்தப்போ சாயங்காலம் ஆனா தவளைச் சத்தம்தான்டா. ராத்திரி நரி ஊளையிடும். ரோடு மட்டும் இவ்வளவு அகலமா கிடக்கும், மேலே ஒரு ஈ காக்கா இருக்காது. எதுக்கு இவ்வளவு அகலம்னு சிரிச்சோம்" என்பார். அந்தச் சிரிப்பை நான் பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு. ஆள் இல்லாதபோது சாலை அகலமாகத்தான் தெரியும். ஆனால் அகலப்படுத்த வாய்ப்புள்ள காலமும் அது ஒன்றுதான்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே போனால் தி.நகர், மேற்கே போனால் மேற்கு மாம்பலம். 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஜனம் குவிந்தது. கிழக்கே திட்டம் போட்டு வந்த நகர். மேற்கே பழைய கிராமம் தன்பாட்டுக்குப் பெருகியது. தோப்பு வைத்திருந்தவர் தோப்பை விற்றார், வயல் வைத்திருந்தவர் வயலை விற்றார். வாங்கியவர்கள் வீடு கட்டிக்கொண்டு, நடுவில் விட்ட இடத்தில் நடந்தார்கள். சாக்கடை போக வழியில்லாததால் கொசு. மேற்கு மாம்பலம் என்றாலே யானைக்கால் நினைவுக்கு வந்த காலம் உங்களில் பலருக்குத் தெரியும்.

அதற்காகத் தி.நகர்தான் உயர்த்தி என்று சொல்லிவிட முடியாது. வாடகை குறைவு என்பதால் சம்பளக்காரர்களும் குமாஸ்தாக்களும் மேற்கே போய்த்தான் குடும்பம் நடத்தினார்கள். கோயில், பஜனை, சமையல் கான்ட்ராக்டர், அயோத்தியா மண்டபம் என்று அங்கே ஒரு நல்ல வாழ்க்கை இருந்தது. ஆனால் ஒன்றை கவனியுங்கள். தி.நகரில் இன்றைக்கு வீடுகள் கடையாகி, கடைகள் மாளிகையாகி, ஸ்டேஷனுக்குப் போகும் சாதாரணக் குடியிருப்புத் தெருவாக இருந்த ரங்கநாதன் தெரு மனிதத் தலையாகத் தெரிகிறது. அந்த நெரிசலிலும் 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி வளாகம் மாதிரி அமைக்க முடிந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ விட்டுவைத்த அகலம் கையில் இருந்ததுதான் காரணம். மேற்கு மாம்பலத்தின் உட்தெருக்களில் அப்படி ஒன்றைச் செய்ய எந்த அரசு வந்தாலும் முடியாது. அங்கே ஓர் அடி வேண்டுமானால் யாருடைய வீட்டையாவது இடிக்க வேண்டும்.

"அண்ணா நகரா? அது வனாந்தரமாச்சே!"

சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் சென்னை 14 லட்சத்தைத் தொட்டுவிட்டது. நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று இருந்தது. சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்ற பெயர்களில் அது இன்னும் வாழ்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் வீட்டுவசதி வாரியம் வந்தது. அதன் பெரிய காரியம் என்று நான் நினைப்பது அண்ணா நகர்.

நடுவக்கரை, முல்லம் என்று கிராமங்கள் இருந்த இடம். 1968-ல் அங்கே உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டிய கோபுரம்தான் இன்றைக்கும் பூங்காவில் நிற்கிறது. நானும் அப்போது நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். பொருட்காட்சி முடிந்த பிறகு அங்கே நகர் எழுந்தது. முதல் அவென்யூ, இரண்டாவது அவென்யூ, ரவுண்டாணா, பிளாக்குக்கு ஓர் எழுத்து. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்துக்குத் தகுந்த மாதிரி மனை. பள்ளிக்கூடத்துக்கு இடம், கடைக்கு இடம், பூங்காவுக்கு இடம்.

என் மைத்துனருக்கு எழுபதுகளில் அங்கே குலுக்கலில் ஒரு மனை விழுந்தது. வீட்டில் எல்லோரும் துக்கம் விசாரித்த மாதிரிதான் பேசினார்கள். "பஸ் கிடையாது, கடை கிடையாது, அங்க போய் யார் இருப்பா?" என்று என் மாமியார் அழுதேவிட்டார். மைத்துனர் பிடிவாதமாக வீடு கட்டிக்கொண்டு போனார். இன்று அவர் பேரன்கள் அந்த மனையின் விலையைச் சொல்லும்போது கோடியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இதிலும் இன்னொரு பக்கம் உண்டு. அந்தக் கிராமங்களில் நிலம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது அன்றைய அரசு மதிப்பீடு. அவர்கள் பேரன்கள் கோடியில் பேசவில்லை. சாலைக்கு இடம் விட்டு நகர் அமைக்க வேண்டுமானால் நிலம் முழுவதும் ஒரு கையில் வர வேண்டும். அந்தக் கை வலுவாகத்தான் இருக்கும், வலிக்கவும் செய்யும். அகமதாபாத் பக்கம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியின் நிலச் சொந்தக்காரர்கள் எல்லோருடைய நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கைச் சாலைக்கும் பொது இடத்துக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சதுரமான மனையாக அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிறார்கள். நிலம் குறைகிறது, மதிப்பு கூடுகிறது. யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அந்த வழியை நாம் பெரிதாகப் பின்பற்றாமல் விட்டுவிட்டோம்.

வரப்பே தெருவாக

இனி என் கதை. 1971-ல் பழைய நகரமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் எம்.எம்.டி.ஏ. வந்தது (இன்றைய சி.எம்.டி.ஏ.). 1976-ல் முதல் மாஸ்டர் பிளானை அரசு ஏற்றது. 1,189 சதுர கிலோமீட்டருக்கும் வரைபடம் தயார். எந்த இடம் குடியிருப்பு, எது தொழில், எங்கே சாலை என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். அந்த மாதிரி வரைபடங்களைப் பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்.

1984-ல் எனக்குச் சம்பளம் 1,400 ரூபாய். வாரியத்தின் குலுக்கலில் இரண்டு முறை பெயர் கொடுத்தேன், விழவில்லை. சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற தனியார் மனை என் கைக்கு எட்டவில்லை. அப்போது ஒரு தரகர் வந்தார். வேளச்சேரிக்குத் தெற்கே, அன்றைக்குப் பஞ்சாயத்தாக இருந்த ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்துப் பஞ்சாயத்துகள் பலவற்றின் கதையும் இதேதான். கிரவுண்டு 22,000 ரூபாய். பிரிண்ட் போட்ட நோட்டீஸில் '30 அடி சாலை' என்று இருந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார்.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொன்னால் யாரும் நம்பக்கூடாது. அந்த மாதிரி ஸ்டாம்புகளைப் பார்த்து அலுவலகத்தில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் மனைவியின் வளையலை வைத்து அட்வான்ஸ் கொடுத்தேன். வாடகை வீட்டுக்காரர் மூன்றாவது முறையாகக் காலி செய்யச் சொல்லியிருந்தார். சட்டம் தெரிந்தவனுக்கும் குழந்தைகளோடு தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே.

பத்திரம் எழுதும்போது '24 அடி பொதுப்பாதை' என்று வந்தது. கல் நட்டபோது நானே டேப் பிடித்து அளந்தேன். இருபது அடி.

இந்தப் பத்தடி எங்கே போனது? கணக்கு எளிது. எங்கள் தெரு அறுநூறு அடி நீளம். அகலத்தில் பத்தடி குறைத்தால் 6,000 சதுர அடி. கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால் இரண்டரை கிரவுண்டு. அன்றைய விலையில் 55,000 ரூபாய், என் மூன்று வருடச் சம்பளத்துக்கும் மேலே. ஒழுங்காக அனுமதி வாங்கிப் பிரித்தால் சாலைக்கும் பூங்காவுக்குமாக நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தச் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அதையெல்லாம் மனையாக்கி விற்றதால்தான் எனக்கு 22,000-க்குக் கிடைத்தது. ஆகவே அந்தப் பத்தடியில் தரகர் மட்டும் சாப்பிடவில்லை. எனக்கும் ஒரு பங்கு உண்டு.

தெரு எப்படி வளைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலம் நாலைந்து விவசாயிகளுடையது. ஒவ்வொருவரும் வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு ஆளுக்கு விற்றார்கள். ஒருவர் போட்ட தெரு அடுத்தவர் வரப்பில் போய் முட்டி நிற்கும். அடுத்தவர் பிரிக்கும்போது தன் வசதிக்கு எட்டடி தள்ளித் தெருவை ஆரம்பிப்பார். எங்கள் பகுதியில் முட்டுச்சந்துகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் திகைப்பார்கள். பழைய புலப்படத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தால் விடை தெரியும். வரப்பு வளைந்த இடத்தில்தான் தெருவும் வளைகிறது. வண்டிப்பாதை இருந்த இடத்தில் பஸ் ரோடு, வாய்க்கால் இருந்த இடத்தில் குறுக்குத் தெரு. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் போட்ட வழியில் நாம் கார் ஓட்டுகிறோம்.

இன்னொரு விஷயம், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு தெருக்கள் சேரும் மூலையில் முனை மனையின் கூரான பகுதியைச் சரிவாக வெட்டிவிட வேண்டும். அலுவலகத்தில் 'ஸ்ப்ளே' என்போம். வண்டி திரும்புவதற்கும், எதிரே வருவது தெரிவதற்கும் அந்த முக்கோணம் தேவை. எங்கள் தெருமுனையில் அது இல்லை. முனை மனைக்குக் கூடுதல் விலை, அதில் ஒரு துண்டை வெட்டிவிட யாருக்கு மனம் வரும்? நாற்பது வருடம் கழித்து அந்த ஒரு முக்கோணத்துக்காகத்தான் ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது.

காகிதத்தில் இருந்த சாலைகள்

மாஸ்டர் பிளானில் சாலை போட்டிருந்தார்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சில வந்தன. நூறடி ரோடு என்று நாம் சொல்லும் உள்வட்டச் சாலை வந்தது. வடபழனி, அசோக் நகர், கத்திப்பாரா வழியாக நாம் போகாத நாள் இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையும், பல வருடம் இழுத்தாலும், வந்துவிட்டது. அதற்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் ஒதுக்கி, நாளைய தேவைக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஊர் அங்கே போய்ச் சேருவதற்கு முன் நிலம் எடுத்ததால் அது முடிந்தது.

நேர்மாறான உதாரணமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர். அதில் கடைசி ஐந்நூறு மீட்டர், ஆதம்பாக்கம் பகுதி, நில வழக்கில் மாட்டிக்கொண்டது. தூண்கள் பாதியில் நின்றதைப் பார்த்துக்கொண்டே எங்கள் வட்டாரத்து ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குப் போய்விட்டது. வீடு வந்த பிறகு கோடு போட்டால் இதுதான் கதி. வீட்டை இழப்பவர் வழக்குப் போடத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது.

தண்ணீர் மறக்கவில்லை

தெருவை முதலில் போட்டவர்களும் ஒன்றை மறந்தார்கள். தி.நகர் ஏரிப் படுகை. 2015 டிசம்பரிலும், பிறகு 2021 நவம்பரிலும் அங்கே தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். ஏரிக்கு வரும் தண்ணீருக்கு ஏரி போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அது பழைய விலாசத்துக்கே வருகிறது. வெளியே போக இருப்பது நந்தனம் பக்கம் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் ஒன்றுதான். முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கு இன்றும் 'ஏரித் திட்டம்' என்றே பெயர். பெயர் வைத்தவர் உண்மை விளம்பி!

எங்கள் பக்கமும் அப்படித்தான். மேற்கேயிருந்து ஏரி ஏரியாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர். ஒவ்வொரு ஏரிக்கும் கலங்கல், கலங்கலிலிருந்து வாய்க்கால். வாய்க்காலைக் குறுக்குத் தெருவாக்கியவர்கள் நாங்கள். 2015 டிசம்பர் 1 ராத்திரி வீட்டுக்குள் நாலடி தண்ணீர். நானும் மனைவியும் மொட்டை மாடியில் இரண்டு நாள். என் ரோட்ரிங் பேனாக்கள், பழைய டிரேசிங்குகள் எல்லாம் அதில் போயின. படகில் வந்த மீனவ இளைஞர்கள் முறைப்படியான பாதையெல்லாம் பார்க்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கமே படகை விட்டார்கள். அது பழைய வாய்க்கால்.

இரண்டரை அடி

2011-ல் எங்கள் கிராமமும் மாநகராட்சியில் சேர்ந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் பகுதியே ஆடிப்போனது. மறு வருடம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வரிசையில் நின்று கட்டணம் கட்டி நானும் உத்தரவு வாங்கிவிட்டேன். காகிதம் நேராகிவிட்டது. தெரு அதே இருபதடிதான்.

இருபதடிகூட இல்லை என்பதுதான் நான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. ஆம்புலன்ஸ் வந்துபோன மறுநாள் காலை, பழைய பழக்கத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டு அளந்தேன். தரகரைத் திட்டினேன், பஞ்சாயத்தைத் திட்டினேன், முனை வீட்டுக்காரரைத் திட்டினேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமல் கேட்டாள்.

"நம்ம படி எங்க இருக்குன்னு அளந்தீங்களா?"

அளந்தேன். 1986-ல் வீடு கட்டியபோது மேஸ்திரி, "எல்லாரும் இப்படித்தான் சார் விடறாங்க, உள்ளே விட்டா போர்ட்டிகோ சின்னதாயிடும்" என்றார். நானும் சரி என்றேன். மூன்று படியும் வண்டி ஏற்றும் சறுக்கும் தெருவுக்குள் இரண்டரை அடி. பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டார்கள். ரோடு உயர உயர நாங்களும் வாசலை உயர்த்திச் சறுக்கை இழுத்தோம். எதிர்வீட்டிலும் அதே இரண்டரை அடி. இருபதில் ஐந்து போனால் பதினைந்து. ஒரு கார் நின்றால் ஒன்பது. தரகர் எடுத்தது பத்தடி. மிச்சத்தில் நாங்கள் எடுத்தது ஐந்தடி. அந்த ஓட்டுநர்ப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

அடுத்த வாரம் ஆள் வைத்து என் படியையும் சறுக்கையும் இடித்துவிட்டேன். காம்பவுண்டுக்கு உள்ளே படி கட்டியதில் போர்ட்டிகோ சின்னதாகத்தான் போய்விட்டது. ஸ்கூட்டரை ஏற்ற முடியவில்லை, பேரன்தான் வந்தால் ஏற்றிக் கொடுக்கிறான். எதிர்வீட்டு நண்பர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் படியையும் எடுக்கச் சொல்லிவிட்டார். தெருவில் முப்பது வீடு. இதுவரை ஒன்பது பேர் செய்திருக்கிறார்கள். நாலைந்து பேர் "பார்க்கலாம் சார்" என்கிறார்கள். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். முனை வீட்டுக்காரரிடம் அந்த முக்கோணத்தைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசினேன். காபி கொடுத்தார், பதில் சொல்லவில்லை. மறுபடி போக வேண்டும்.

உங்களில் தி.நகரிலும் அண்ணா நகரிலும் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். புறநகர்வாசிகள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பத்திரத்தை எடுத்து நான்கெல்லையில் சாலையின் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி அளந்து பாருங்கள். முடிந்தால் உங்கள் பக்கத்துப் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.